கொலுவில் ஒரு தார் ரோடு

புதிதாகப் போட்ட தார் ரோடு மட்டும்தான் கறுப்பு. ஒரு கோடை தாண்டினால் அதில் சாம்பல் ஏறிவிடும். இரண்டு மூன்று வருஷம் போன ரோட்டை மத்தியான வெயிலில் பார்த்தால் கறுப்பு என்று சொல்ல வாய் வராது. மேலே இருக்கும் தார் வெயிலிலும் காற்றிலும் இறுகி, வண்டிகள் தேய்த்துத் தேய்த்துப் போக, உள்ளேயிருக்கும் ஜல்லி தன் சொந்த நிறத்தைக் காட்ட ஆரம்பிக்கும். ஆனால் கொலுவுக்குப் பக்கத்தில் பூங்கா வைக்கிறவர்களும், பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஊர் மாதிரி செய்கிற பிள்ளைகளும், காசு வாங்கிக்கொண்டு கட்டட மாதிரி செய்து தருகிறவர்களும்கூட, ரோடு என்றதும் கறுப்புப் பெயிண்டைத்தான் எடுக்கிறார்கள். நடுவில் வெள்ளைக் கோடு ஒன்றை இழுத்தால் வேலை முடிந்தது. எனக்கு இது மனசு ஆறாத விஷயம். வீட்டுக்கு ஓடு ஓடாக அடுக்கிக் கவனிக்கிறவர்கள், அந்த வீட்டுக்குப் போகும் பாதையை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

அப்பா நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். எழுபதுகளில் நாங்கள் மதுரை புதூரில் குடியிருந்தோம். அழகர்கோவில் ரோடு வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையைவிட்டு இறங்கி வைகைக்கு வரும் வழி அது. பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியெல்லாம் மண்டகப்படி. அந்த ரோட்டில் ஒவ்வொரு வளைவையும் ஒவ்வொரு பாலத்தையும் அப்பாவுக்குத் தெரியும். புரட்டாசி வந்தால் அந்த ரோட்டில் ஒரு துண்டு எங்கள் கூடத்துக்குள் வந்துவிடும்.

மதுரையில் கொலு வைக்கும் பல வீடுகளில் அழகர் செட் இருக்கும். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி என்ற ஊரில் வேளார் குடும்பங்கள் மண்ணைப் பிசைந்து, சுட்டு, வர்ணம் தீட்டித் தருகிறார்கள். தங்கக் குதிரையில் அழகர், தீவட்டி பிடிக்கிறவர், திரி எடுத்து ஆடுகிறவர், ஆட்டுத்தோல் பையால் தண்ணீர் பீய்ச்சுகிறவர், சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றி நிற்கும் பெண்கள் என்று எல்லோரும் அதில் உண்டு. அப்பாவுக்கு இந்தச் செட்டில் ஒரு சங்கடம் இருந்தது. மலையிலிருந்து வரும் வழியெல்லாம் அழகர் பல்லக்கில்தான் வருவார். தல்லாகுளத்துக்கு அப்புறம்தான் குதிரை. ஆகவே குதிரை அழகரை வைத்தால் தல்லாகுளத்திலிருந்து ஆறு வரைக்குமான டவுன் ரோட்டைத்தான் போட முடியும். அவருக்கோ கடச்சனேந்தலுக்கு அப்பால், இரண்டு பக்கமும் புளியமரம் கவிந்த செம்மண் ஓரத்து ரோடு வேண்டும். விளாச்சேரியில் சொல்லி, கண்டாங்கி உடுத்திக் கள்ளர் கோலத்தில் பல்லக்கில் வரும் அழகரைத் தனியாகச் செய்து வாங்கி வந்தார். ரோட்டுக்காகச் சாமியின் வாகனத்தை மாற்றியவர் என்று ஆச்சி சொல்லிக் காட்டுவாள். அதில் பெருமையும் கலந்திருக்கும்.

அப்பா வேலையை ரோட்டின் அடிப்படுக்கையிலிருந்து ஆரம்பிப்பார். "தாயி, ரோடுன்னா மொதல்ல தண்ணி எங்க போகுதுன்னு பாக்கணும். தண்ணி நின்னுச்சுன்னா ரோடு செத்துச்சு." நிஜ ரோட்டின் நடு உயர்ந்து இரு பக்கமும் சரிந்திருக்க வேண்டும். தார் ரோட்டுக்கு ஐம்பதுக்கு ஒன்று என்பது கணக்கு. நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளினால் 2 சென்டிமீட்டர் இறங்கும். எங்கள் பொம்மைகள் நாலு அங்குலம். ஐந்தரை அடி ஆளுக்கு அது ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு. ஒற்றை வழிச் சாலையின் அகலம் 3.75 மீட்டர், பதினாறால் வகுத்தால் 23 சென்டிமீட்டர் சொச்சம். அந்த அகலத்துக்கு நடு முதுகு ஓரத்தைவிட 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் உயர்ந்தால் போதும். காலண்டர் அட்டையை நடுவில் அகலம் குறைந்துகொண்டே போகும் துண்டுகளாக ஒட்டி, மேலே காகிதக் கூழ் பூசி, அந்தச் சரிவைக் கொண்டுவருவார். காய்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை நடுவில் சன்னமாக விடச் சொல்வார். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஓரத்துக்கு ஓடும். ரசமட்டம் வைத்து நிஜ ரோட்டில் செய்கிற சோதனையை நாங்கள் டம்ளரில் செய்தோம்.

இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தட்டையாகப் போட்ட ரோடு விரித்த துணியாகத்தான் படும். நடு கொஞ்சம் உயர்ந்ததும் வெளிச்சம் ஒரு பக்கம் விழுகிறது, மறு பக்கம் மங்குகிறது. அப்போதுதான் அது நிலத்தில் ஊன்றிய ரோடாகிறது.

அடுத்தது மேல்பரப்பு. நிஜ ரோட்டில் மேலே தெரியும் சில்லு அரை அங்குலம் என்றால் எங்கள் ரோட்டில் அது முக்கால் மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கல் உடைக்கும் கிரஷரில் கிடைக்கும் தூளை ஒரு கோணியில் கொண்டுவருவார். மாவுச் சல்லடையில் சலித்துப் பெரிய பருக்கையைத் தள்ளிவிட்டு, ஆச்சி முறத்தில் புடைத்து மாவாக இருப்பதையும் நீக்குவாள். நடுவில் நிற்கும் ரவைப் பருமன் தூள்தான் எங்கள் ஜல்லி. அது உண்மையான கல். அந்த ரோட்டுக்குப் போட்ட கல்லின் உறவு. உப்புத்தாளை ஒட்டி ரோடு என்பவர்கள் இன்றும் உண்டு. உப்புத்தாளில் மணி எல்லாம் ஒரே அளவு, ஒரே நெருக்கம். நிஜ ரோட்டில் சில்லு ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் பெயர்ந்திருக்கும்.

ஒட்டுவதற்குத் தச்சர்கள் உருக்கும் வஜ்ரத்தை ஆச்சி கொலுப் பக்கம் சேர்க்கவிட மாட்டாள், மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சியது என்பதால். மைதாப் பசைதான், பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து. இப்போது நான் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஒரு சொட்டு ஷாம்பு விடுகிறேன். ஷாம்பு விட்டால் பசைநீர் தூளின் மேல் முத்தாக உருண்டு நிற்காமல் உள்ளே இறங்கும்.

நிறத்துக்குக் கரித்தூள், சுண்ணாம்பு, ஒரு சிட்டிகை காவி. கறுப்பு என்று ஒரு தனி நிறம் அந்த ரோட்டில் ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் வரும். சித்திரை வருவதற்கு முன் அழகர் வரும் வழியில் பள்ளங்களை அடைப்பார்கள். அதனால் அழகர் வரும்போது சாம்பல் ரோட்டில் சதுரம் சதுரமாய்ப் புதுத் தார் மின்னும். அப்பா அந்தச் சதுரங்களை வெட்டு விளிம்போடு வைப்பார். பள்ளத்தைச் சதுரமாக வெட்டித்தான் அடைக்க வேண்டும் என்பது அவர் துறையின் பாடம். டயர் போகும் இரு தடத்திலும் விரலால் தேய்த்து மெருகேற்றுவார். இரு தடத்துக்கும் நடுவே லாரி எண்ணெய் சொட்டிய கறுமை மெலிதாக ஓடும். ஓரம் நேராக இராது; எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி ஒதுங்கி உடைத்த விளிம்பு. அதைத் தாண்டிச் செம்மண் புழுதி. அந்த மண்ணை ரோட்டோரத்திலிருந்தே எடுத்துவந்து, வைத்தியர்கள் சூரணத்துக்குச் செய்வதுபோலத் துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்து, காய்ந்த தூரிகையால் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தட்டுவோம். காற்று அப்படித்தான் புழுதியைக் கொண்டுவரும்.

இவ்வளவையும் தாண்டி அப்பா செய்த ஒன்றை நான் வேறு எந்தக் கொலுவிலும் பார்த்ததில்லை. பல்லக்குக்கு முன்னால் இருக்கும் ரோடும் பின்னால் இருக்கும் ரோடும் வேறு வேறாக இருக்கும். முன்னால் தண்ணீர் பீய்ச்சி நனைந்த ஈரம் மட்டும். பின்னால் சூடம் எரிந்த கரும்புள்ளிகள், சிந்திய சர்க்கரை, மிதிபட்ட பூ, தேங்காய் ஓடு, அறுந்து கிடக்கும் ஒற்றைச் செருப்பு. ஈரத்துக்கு வார்னிஷ், சூடக் கரிக்கு உண்மையான சூடம். ஆச்சி ஒவ்வொரு புள்ளியாக ஏற்றி அணைப்பாள். பொம்மைகள் அசையாமல் நின்றாலும் பல்லக்கு எந்தத் திசையிலிருந்து வந்தது, எவ்வளவு தூரம் கடந்தது என்பதை ரோடு சொல்லிவிடும். பார்க்க வருகிறவர்கள் காரணம் தெரியாமலே அங்கே கூடுதல் நேரம் நிற்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் கொலுவில் ரோட்டின் ஒரு முனையில் தார் போடுகிறவர்கள் இருந்தார்கள். காலில் கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டி, பூவாளியால் கொதிக்கிற தாரை ஊற்றுகிற ஆள். சும்மாடு வைத்து இரும்புச் சட்டியில் ஜல்லி சுமக்கும் இரண்டு பெண்கள். புகையும் தார் டிரம். தார் 150 டிகிரிக்கு மேல் காய்ந்தால்தான் ஊற்ற வரும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் சித்திரை வெயிலில் நாள் முழுக்க நின்றவர்களை அப்பா பெயர் சொல்லி அறிவார். கடையில் அப்படிப் பொம்மை கிடையாது. விளாச்சேரியில் ஓர் அம்மாவிடம் போய் உட்கார்ந்து, சாக்கு எப்படிச் சுற்றியிருக்கும், சட்டி எந்தத் தோள் பக்கம் சாயும் என்று விளக்கிச் செய்துவாங்கினார். கொலுப் பார்க்க வந்த ஒரு உறவுக்காரர், சாமி ஊர்வலத்தில் கூலியாட்கள் எதற்கு என்று கேட்டார். "சாமி வர்ற ரோட்டப் போட்டவுக இல்லாம கொலுவா?" என்றார் அப்பா. அதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் ரோட்டைப் பார்க்கிற பார்வை அவரை விடவில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் கழிவு பிளாஸ்டிக்கைத் துருவி, சுட்ட ஜல்லியின் மேல் உருகிப் படியவிட்டு, பிறகு தார் கலந்து ரோடு போட்டுக் காட்டினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த முறையில் ரோடு போட்டார்கள் என்று கேள்விப்பட்டால் அப்பா போய்க் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வருவார். கல்லுக்கும் தாருக்கும் நடுவே ஒரு மெல்லிய போர்வை, தண்ணீர் கல்லை எட்டாது என்று விளக்குவார். எந்தப் பேச்சும் அவருக்குத் தண்ணீரில்தான் போய் முடியும்.

அப்பாவிடம் கற்றது பின்னால் வேறொரு மேசையில் எனக்குக் கைகொடுத்தது. அண்ணன் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவனுக்கு மேசைப் போர் விளையாட்டில் ஈடுபாடு. ஆறடிக்கு நாலடி மேசையில் மலை, ஊர், ஆறு எல்லாம் செய்துவைத்து, ஓர் அங்குலத்துக்குச் சற்று உயர்ந்த வீரர்களை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, அளவுகோல் வைத்து நகர்த்தி விளையாடுவது. பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824-இல் அதிகாரிகளின் பயிற்சிக்காக வகுத்த விதிகள், எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுவதற்காக எழுதிய 'லிட்டில் வார்ஸ்' புத்தகம் என்று அதற்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. அவன் எடுத்துக்கொண்டது நம்மூர்ப் போர்: கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடமிருந்து மதுரைக் கோட்டையைக் கான் சாகிபு யூசுப்கான் காத்து நின்ற முற்றுகை. 1763-இல் ஆரம்பித்து, மழைக்காலத்தில் தளர்ந்து, அடுத்த வருஷம் இறுகி, 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டதோடு முடிந்தது. அந்தக் கோட்டை மதிலைப் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில் இடித்து அகழியைத் தூர்த்தார்கள். இன்று நாம் பஸ்ஸுக்கு ஓடும் வெளி வீதிகள் அதன் தடம்தான். யூசுப்கானின் சமாதி சம்மட்டிபுரத்தில் இருக்கிறது.

ரோட்டுக்கு அவன் வெளிநாட்டிலிருந்து ரப்பர் பட்டைகள் வாங்கி வந்திருந்தான். நல்ல வேலைப்பாடு. ஆனால் பச்சைப் புல் ஓரமும் கரும்பழுப்புச் சேறுமாக அது வேறு நாட்டுப் பாதை. "மருமகனே, இந்த மண்ணு நம்ம மண்ணு இல்லய்யா" என்றேன். "அப்ப நீங்கதான் போட்டுத் தரணும் அத்தை" என்றான்.

அப்பாவின் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. இந்த வீரர்கள் நிஜத்தில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் மணல் பருக்கை இந்த மேசையில் 6 சென்டிமீட்டர் கல்; சிப்பாயின் கால் இடறும். எனவே எல்லா மண்ணையும் துணியில் சலித்தே ஆக வேண்டும். தாரும் கிடையாது. உடைத்த கல்லை அடுக்கிக் கப்பி ரோடு போடும் முறைக்குத் தன் பெயரைத் தந்த மெக்காடமுக்கு 1764-இல் எட்டு வயது. கல்லோடு தார் சேர்த்துப் போடும் முறைக்கு ஹூலி என்பவர் காப்புரிமை வாங்கியது 1902-இல். யூசுப்கான் காலத்து மதுரையைச் சுற்றி இருந்தவை வண்டிப் பாதைகள்.

வண்டிப் பாதையை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதில் நடந்திருக்கிறேன். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் இரண்டு பக்கமும் ஆழ அறுத்திருக்கும். நடுவில் ஏர்க்காலுக்கு நேர் கீழே, மாட்டுக் குளம்பும் சக்கரமும் படாத ஒரு சாண் அகலத்தில் மட்டும் புல் நிற்கும். இரண்டு வண்டி எதிரெதிரே வரும் இடத்தில் பாதை அகன்று, தாண்டியதும் மறுபடி ஒடுங்கும். சேறான இடத்தை வண்டிக்காரர்கள் சுற்றிப் போய்ப் போய் அங்கே பாதை இரண்டு மூன்றாகக் கிளைத்திருக்கும். ரப்பர் பட்டையில் இது எதுவும் வராது. ஒரு பழைய மாட்டுவண்டியின் சக்கர இடைவெளியை அளந்து அறுபதால் வகுத்து, மரத்தில் குட்டிச் சக்கரம் இரண்டை அந்த இடைவெளியில் கோத்து, ஈர மண்ணில் உருட்டினோம். கோடு கிழிப்பதைவிட இதுதான் சரி. சக்கரம் மேட்டில் கொஞ்சம் எழும்பும், பள்ளத்தில் அழுந்தும். கையால் கீறினால் ஒரே ஆழமாகத்தான் வரும்.

மண்ணுக்கு அவனை அழைத்துக்கொண்டு சுற்றினேன். வடக்கே அழகர்மலைப் பக்கம் செம்மண், தெற்கே திருமங்கலம் தாண்டினால் கரிசல், ஆற்றங்கரையில் வண்டல். மதுரையைச் சுற்றி ஒரு காலைப் பொழுதில் மூன்று நிறத்தையும் பையில் கட்டிவிடலாம். கரிசலில்தான் எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. அது ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கூழாகக் கரைத்து மேசையில் தடவிவிட்டுக் காயவிட்டால் தானே வெடிக்கும். தடிப்பாகத் தடவினால் வெடிப்புக் கட்டங்கள் பெரிதாகவும், மெல்லியதாகத் தடவினால் சிறிதாகவும் விழும். அட்டை கனத்துக்குத் தடவியபோது, புரட்டாசிக்கு முன் திருமங்கலத்துக் காடு எப்படிக் கிடக்குமோ அப்படியே அறுபதில் ஒரு பங்கில் கிடந்தது. பசையை மண்ணில் கலந்தால் வெடிப்பு சரியாக விழாது. காய்ந்து வெடித்த பிறகு பசைநீரைப் பனியாகத் தெளித்து இறுக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் ரோடு அழகுக்கு வைப்பது இல்லை. ரோட்டில் போகும் படை வேகமாக நகரலாம் என்பது பெரும்பாலான விதிப் புத்தகங்களில் உண்டு. அந்த விதி எந்த மண் என்று கேட்பதில்லை. மருமகன் எங்கள் மேசைக்கென்று புது விதி எழுதினான். மழை இறங்கினால் செம்மண் பாதையில் பீரங்கி பாதி வேகம். கரிசல் பாதையில் நகரவே நகராது. அப்படி விளையாடியபோதுதான் 1763-இன் மழைக்காலம் கம்பெனிப் படைக்கு என்ன செய்திருக்கும் என்பது எனக்கு விளங்கியது. காளைகள் பூட்டிய பீரங்கி வண்டி அச்சு வரை புதைந்து நிற்க, கோட்டைக்குள் இருப்பவருக்கு இன்னும் சில மாதம் உயிர். சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை மண் காட்டியது. அப்பா இருந்திருந்தால், தண்ணி நின்னா ரோடு செத்துச்சு என்று மறுபடியும் சொல்லியிருப்பார்.

அழகர்கோவில் ரோடு இன்று அகலமாகிவிட்டது. மதுரையைச் சுற்றிய நெடுஞ்சாலைகளில் நான்குவழிச் சாலைக்காக வெட்டிய புளியமரங்களுக்குக் கணக்கில்லை. வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்த அந்த மரங்கள், அவற்றுக்கு நடுவே ரோட்டிலேயே பரப்பிக் காயப்போட்ட கம்பும் எள்ளும், வண்டி ஏறிப் போக மணி பிரிவதை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கும் கிழவி, இவையெல்லாம் நான் வேப்பங்குச்சியிலும் மண்ணிலும் செய்துவைத்திருக்கும் துண்டு ரோட்டில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஒரு ரோட்டை அதன் காலத்தோடு சேர்த்துச் செய்துவைப்பது, கோவில் கோபுரத்தைச் செய்துவைப்பதற்கு இம்மியும் குறைந்த வேலை இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

அடுத்த புரட்டாசிக்குக் கொலுவில் ரோடு போட நினைக்கிறவர்கள் கறுப்புப் பெயிண்டை வாங்க வேண்டாம். உங்கள் தெரு முனையில் போய்க் குனிந்து பாருங்கள். எந்த மண், எந்தக் கல், எங்கே ஒட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி வாருங்கள். தார் ஊற்றுகிறவரையும் ஜல்லி சுமக்கிற பெண்களையும் அதன் ஓரத்தில் வையுங்கள். கடையில் அந்தப் பொம்மைகளைத் தேடி அலைய வேண்டாம். விளாச்சேரிக்கு நேரில் போய், கொலு நெருக்கடி தொடங்குவதற்கு முன்பே, ஆனி ஆடியிலேயே சொல்லி வையுங்கள்.